ஏறிய கோடு இறங்காது

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் வேலை தேடுவதை விட்டுவிட்டு ஏதோ ‘பிராப் ஃபர்ம்’ தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறானாம். தேறினால் 50,000 டாலர் கொடுத்து டிரேடிங் செய்யச் சொல்வார்களாம். “நிஜந்தானா சார்?”

தேர்வு நிஜம். திரையில் ஓடும் விலையும் சந்தை விலைதான். கணக்கில் இருக்கும் டாலர் மட்டும் வெறும் எண். சிகாகோவின் டாப்ஸ்டெப், பிராக் நகரத்து எஃப்டிஎம்ஓ எல்லாம் இப்படித்தான் ஆளைச் சலிக்கின்றன. எஃப்டிஎம்ஓவின் இரண்டு கட்டத் தேர்வில் முதலில் 10 சதவீத லாபம் காட்ட வேண்டும், பிறகு 5. ஒரே நாளில் 5 சதவீதமோ மொத்தத்தில் 10 சதவீதமோ போனால் வெளியே.

என்னை மயக்கியது டாப்ஸ்டெப்பின் நகரும் கோடு. 50,000 டாலர் கணக்கில் 2,000 வரை இழக்கலாம், 48,000-இல் கோடு. நாள் முடிவில் இருப்பு 51,000 ஆனால் கோடும் 49,000-க்கு ஏறும். மறுநாள் இருப்பு இறங்கலாம், கோடு இறங்காது. எங்கள் அப்பா இந்த ரகம். கணக்கில் 70 வாங்கினால், “இனி 60-க்குக் கீழே வரக் கூடாது” என்பார். ஒரு தடவை தெரியாத்தனமாக 92 வாங்கித் தொலைத்தேன். பள்ளி முடியும்வரை 82 தலைக்கு மேல் தொங்கியது. டாப்ஸ்டெப் கோடு 50,000-ஐத் தொட்டதும் நின்றுவிடும். அப்பாவிடம் அந்தச் சலுகையும் இல்லை.

சில நிறுவனங்கள் இன்னும் கறார். நாள் முடியக் காத்திராமல், முடிக்காத வியாபாரத்தில் திரையில் தெரியும் லாபத்தையும் எண்ணிக்கொள்ளும். இருப்பு ஒரு நிமிடம் 51,500-ஐத் தொட்டால் கோடு 49,500. விலை சரிந்து இருப்பு அங்கே வந்தால் தேர்வு காலி. போனது 500 டாலர்தான். அந்த 1,500 அவன் பைக்குள் வரவே இல்லை. கிடைத்ததைக் கைநழுவ விடாதவனைத் தேடுகிறார்கள் என்று இதற்கு நியாயம் சொல்லலாம். எனக்கென்னவோ, பொறுமைசாலியை முதலில் கழிக்கும் சல்லடையாகத் தெரிகிறது.

தேறிய பிறகு? எஃப்டிஎம்ஓ ஒளிக்காமலே சொல்கிறது: அப்போதும் அது டெமோ கணக்குத்தான். லாபத்தில் 80 சதவீதம் வரை, சிலருக்கு 90 வரை, நிஜப் பணமாகக் கொடுக்கிறார்கள். முதல் பங்கோடு தேர்வுக் கட்டணமும் திரும்பிவிடும். அப்படியென்றால் நிறுவனத்திடம் தங்கிவிடும் கட்டணம் யாருடையது என்று யோசியுங்கள். தோற்றவன் மறுபடி கட்டலாம். எத்தனை முறை வேண்டுமானாலும். இதை ‘சம்பளம் தரும் வேலை’ போல யூடியூபில் கூவி விற்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

மகனைத் திட்டாதீர்கள், அம்மா. ஒன்றே ஒன்று கேளுங்கள்: அவன் கட்டிய தேர்வில் கோடு நகர்வது நாள் முடிவிலா, நொடிக்கு நொடியா? தெரியாது என்றால், அடுத்த கட்டணம் கட்டுவதற்குள் விதிப் பக்கத்தை உங்கள் எதிரில் உட்கார்ந்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.