நாய்க்குட்டிக்குக் கழிச்சல்: ஆகாரத்தை எப்படி மாற்றுவது?

(வானொலியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆடு, மாடு, கோழி பற்றி இந்த நேரத்தில் பல தடவை பேசியிருக்கிறோம். ஆட்டுப்பட்டிக்கும், களத்துமேட்டுக்கும், கிணத்து மோட்டாருக்கும் காவலாகக் கிடக்கிற நாயைப் பற்றி அதிகம் பேசினதில்லை. இன்றைக்கு அதைப் பேசுவோம். அதிலும் புதிதாகக் கொண்டுவந்த குட்டிக்கு வருகிற கழிச்சலைப் பற்றித்தான் பேச்சு.

போன மழைக்காலத்தில் ஒரு விவசாயி விதை வாங்க வந்தவர், கையில் ஒரு கூடையும் கொண்டுவந்தார். கூடைக்குள் சாக்கு விரித்து ஒரு குட்டி படுத்திருந்தது. கண் உள்ளே போய்விட்டது. வாலெல்லாம் ஈரம்.

“சார், ரெண்டு நாளாத் தண்ணியாக் கழியுது. நல்ல பால்தான் சார் ஊத்தினேன். எங்க எருமைப்பால். ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலை” என்றார்.

“குட்டிக்கு எத்தனை நாள் ஆச்சு?” என்று கேட்டேன்.

“முப்பத்தஞ்சு நாள்.”

“தாய் இருந்த வீட்டிலே என்ன கொடுத்தாங்க?”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அதைக் கேக்கலைங்களே” என்றார்.

அதற்கு முந்தின வருஷமும் அவர் வீட்டில் ஒரு குட்டி இதே மாதிரி கழிந்து செத்துப் போயிருக்கிறது. நான் கால்நடை மருத்துவர் இல்லை. அதனால் அவரைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். குட்டி பிழைத்துக்கொண்டது. அன்றைக்கு டாக்டர் சொன்னதையும், பிறகு நான் படித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

பால் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

தாய்நாயின் பால் கெட்டியானது. பசும்பாலோடு ஒப்பிட்டால் அதில் கொழுப்பும் புரதமும் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் பால் சர்க்கரை குறைவு. பசும்பாலிலும் எருமைப்பாலிலும் பால் சர்க்கரை அதிகம். அதைச் செரிக்க வைக்கிற சத்து குட்டியின் குடலில் பால் குடிக்கும் பருவத்தில்தான் நன்றாகச் சுரக்கும். வளர வளரக் குறைந்துகொண்டே போகும். செரிக்காத சர்க்கரை குடலில் தங்கித் தண்ணீரை இழுக்கும், புளிக்கும். வயிறு உப்பும், பிறகு கழிச்சல் வரும். பால் சுத்தமானதா, தண்ணீர் கலந்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. குட்டியின் குடலில் ஏராளமான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை அன்றாடம் வருகிற ஆகாரத்துக்குப் பழகியவை. நேற்று வரை கேழ்வரகுக் கூழ் குடித்த குட்டிக்கு இன்றைக்குத் திடீரென்று கறிச்சோறு போட்டால், கறி நல்லதாகவே இருந்தாலும் வயிறு ஏற்காது. மாட்டுக்கு வைக்கோலிலிருந்து ஒரே நாளில் பச்சைத் தீவனத்துக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, தெருவில் பிறந்த நாட்டுக்குட்டியோ, வயிறு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பத்து நாள் கணக்கு

முதலாவது, குட்டியை எட்டு வாரம் தாயிடம் விடுங்கள். அதற்கு முன்னால் பிரிக்காதீர்கள்.

இரண்டாவது, குட்டியை வாங்கும்போதே அந்த வீட்டில் என்ன கொடுத்தார்கள், எத்தனை வேளை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். முதல் இரண்டு மூன்று நாளைக்கு அதையே கொடுங்கள். இடமும் புதிது, ஆளும் புதிது. ஆகாரமாவது பழையதாக இருக்கட்டும்.

பிறகு மெதுவாக மாற்றுங்கள். முதல் மூன்று நாள் பழைய ஆகாரம் முக்கால் பங்கு, புதியது கால் பங்கு. அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த மூன்று நாள் பழையது கால், புதியது முக்கால். பத்தாம் நாளிலிருந்து முழுக்கப் புதியது. நடுவில் மலம் இளகினால் அவசரப்படாமல் முந்தின அளவுக்கே திரும்பி இரண்டு நாள் நிறுத்துங்கள். கடையில் விற்கிற நாய் உணவுக்கு மாறினாலும் இதே கணக்குத்தான்.

இரண்டு மூன்று மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதற்குமேல் இரண்டு வேளை போதும். வெறும் சோறும் களியும் மட்டும் வளர்கிற குட்டிக்குப் பற்றாது. அவித்த முட்டை, எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி, முள் எடுத்த மீன் என்று ஏதாவது ஒன்று சேர வேண்டும்.

மிளகாய்க் குழம்பு ஊற்றிய மிச்சச்சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும். ஆடு அறுத்த இடத்தில் பச்சை ஈரல், நுரையீரல் இவற்றைத் தூக்கிப் போடும் வழக்கம் பல ஊரில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். அதிலிருக்கும் நீர்க்கட்டி நாய் வயிற்றில் நாடாப்புழுவாகி, அதன் முட்டை மறுபடி ஆட்டுக்கும் நமக்கும் வரும்.

கழிச்சல் வந்துவிட்டால்

குட்டி துறுதுறுப்பாக இருக்கிறது, வாந்தி இல்லை, ரத்தம் இல்லை, மலம் மட்டும் இளகிப் போகிறது என்றால் வீட்டிலேயே ஒரு நாள் பார்க்கலாம்.

பாலை உடனே நிறுத்துங்கள். ஆனால் பட்டினி போடாதீர்கள். “வயித்தைக் காயப்போடு” என்பது வளர்ந்த நாய்க்கு வேண்டுமானால் சரியாக இருக்கலாம். சிறு குட்டி ஒரு நாள் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும்.

ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். அளவு முக்கியம். உப்பு கூடினால் கெடுதல். கால்மணிக்கு ஒரு தடவை ஒன்றிரண்டு கரண்டி நக்கக் கொடுங்கள். மல்லாத்திப் போட்டு வாயில் ஊற்றினீர்கள் என்றால் நுரையீரலுக்குள் போய்விடும். மீதத்தை மறுநாள் வைத்துக் கொடுக்க வேண்டாம்.

ஆகாரத்துக்குக் குழைய வேகவைத்த பச்சரிசிச் சோறு இரண்டு பங்கு, தோலும் எலும்பும் இல்லாமல் வேகவைத்துப் பிய்த்த கோழிக்கறி ஒரு பங்கு. உப்பு, காரம், எண்ணெய் எதுவும் கூடாது. ஒரு வேளைக்குக் கொஞ்சமாக, நாளைக்கு ஐந்தாறு தடவை. மலம் கெட்டிப்பட்ட பிறகு மூன்று நான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய ஆகாரத்துக்கு வாருங்கள்.

நமக்கு வைத்திருக்கும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை, கழிச்சல் மாத்திரை எதையும் உடைத்துக் கொடுக்காதீர்கள். குட்டியை அது கொன்றுவிடும்.

ஆகாரத்தால் வராத கழிச்சல்

வயிறு பானை மாதிரி உப்பி, முதுகெலும்பு தெரிந்து, மயிர் மினுமினுப்பு இல்லாமல் இருந்தால் குடற்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாக வரும். ஆகையால் இரண்டாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குட்டியின் எடைக்கு ஏற்றபடி பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். ஆட்டுக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். குட்டியின் மலத்தை அன்றன்றைக்கே குழிவெட்டி மூடுங்கள். அந்தப் புழுவின் முட்டை மண்ணில் விளையாடுகிற நம் பிள்ளைகளுக்கும் வரும்.

ரத்தம் கலந்து, தாங்க முடியாத நாற்றத்தோடு கழிந்து, கூடவே வாந்தியும் சோர்வும் இருந்தால் அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். 1978-ல் உலகத்தின் பல நாடுகளில் பரவிய நோய் இது. சோறு மாற்றி இதைச் சரிக்கட்ட முடியாது. ஒரு நாள் தாமதம் கூட உயிருக்கு ஆபத்து. குட்டியின் தோளுக்கு மேல் தோலைத் தூக்கி விட்டுப் பாருங்கள். சட்டென்று படியாமல் கூடாரம் மாதிரி நின்றால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். ஈறு வெளுத்தோ காய்ந்தோ இருந்தாலும், தண்ணீர் குடிக்க மறுத்தாலும், ஒரு நாளில் கழிச்சல் நிற்காவிட்டாலும் உடனே மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண பினாயிலுக்கு அசையாது. குட்டி கிடந்த இடத்தைக் கழுவிய பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். ஒரு குட்டி இப்படிச் செத்த வீட்டில் தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விடக்கூடாது. முதல் ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியை மறக்காதீர்கள்.

கூடையில் வந்த அந்தக் குட்டி இப்போது பட்டிக்குக் காவல் கிடக்கிறது. அதன் சொந்தக்காரர் போன மாதம் தன் தங்கை வீட்டுக்காக ஒரு குட்டி வாங்கப் போயிருக்கிறார். குட்டியோடு, அது சாப்பிட்டுக்கொண்டிருந்த கம்பு மாவிலும் இரண்டு படி கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தாராம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.