தாங்குவோரைத் தாங்குதல்

கொள்ளை நோய் ஒன்று வந்து போன பின், இறந்தோரின் தொகையை நாம் எண்ணுகிறோம். அவர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகளை எண்ணுவோர் சிலரே. அப்பிள்ளைகளை ஏற்று வளர்ப்போரை எண்ணுவோர் அவர்களினும் சிலர். இந்த மூன்றாம் சாராரைப் பற்றியே நேயர்களிடம் இன்று பேச விரும்புகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் 2014 முதல் 2016 வரை எபோலா என்னும் நோய் பரவியது. 28,600-க்கும் மேற்பட்டோரைப் பற்றி, 11,300-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. நோயாளியின் குருதி, வாந்தி முதலியவற்றைத் தொடுவதால் தொற்றும் நோய் அது. ஆகவே, பணிவிடை செய்தவரையே அது எளிதில் பற்றியது. கணவனைப் பேணிய மனைவியும் மகளைப் பேணிய தாயும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். பெற்றோரையோ வளர்த்தவரையோ இழந்த குழந்தைகள் 16,000-க்கும் மேற்பட்டோர் என்று 2015 பிப்ரவரியில் யூனிசெஃப் நிறுவனம் தெரிவித்தது.

இக்குழந்தைகளை ஏற்றவர் யார்? தொடக்கத்தில் உறவினர் அஞ்சியது உண்மை. நோயாளியுடன் இருந்த குழந்தையை 21 நாட்கள் கண்காணிக்க வேண்டும்; அந்நாட்களில் அழும் குழந்தையை எடுத்து அணைக்கவும் அஞ்சினர். அப்பணிக்கு முன்வந்தவர்களுள், எபோலா கண்டு பிழைத்தவர்கள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர்கள். நோயெதிர்ப்பு ஆற்றல் பெற்றுவிட்டமையால் அவர்களால் குழந்தைகளை அச்சமின்றித் தூக்க முடிந்தது. பின்னர் உறவினரின் அச்சமும் தணிந்தது. அந்த 16,000 பேருள் 800-க்கும் குறைவானவர்களுக்கே குடும்பத்துக்கும் ஊராருக்கும் வெளியே இடம் தேட நேர்ந்தது. ஏற்றுக்கொண்ட வீடுகளுள் பல வறிய வீடுகள். எனவே பணமும் உணவும் பள்ளிச் செலவும் அவ்வீடுகளைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று.

நம் தமிழ்நாட்டிலும் 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலை பல வீடுகளை இருட்டாக்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 இலட்சம் ரூபாய் வைப்பு வைத்து, 18 வயது நிறைந்ததும் வட்டியுடன் வழங்குவதென அவ்வாண்டு மே மாதத்தில் மாநில அரசு அறிவித்தது. உறவினரோ காப்பாளரோ வளர்க்கும் குழந்தைக்கு, 18 வயது வரை மாதம் 3,000 ரூபாய் என்றும் அறிவித்தது. இவ்விரண்டனுள் பின்னதையே நான் பெரிதும் பாராட்டுவேன். வைப்புத் தொகை பிள்ளையின் நாளைக்கு உரியது. மாதத் தொகையோ, இன்று உலை வைக்கும் பாட்டிக்கு உரியது.

இவ்வுண்மையை நான் தவறு செய்துதான் கற்றேன். 2021 செப்டம்பர் முதல் நாள் மேல் வகுப்புகள் மீண்டும் திறந்தபோது நான் தலைமையாசிரியனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தாய் தந்தை இருவரையும் மே மாதத்தில் இழந்தவள், பாட்டியுடன் வந்தாள். நான் நன்கொடை திரட்டிக் குறிப்பேடுகளும் துணியும் வாங்கினேன். வகுப்பில் அவளை எழுந்து நிற்கச் செய்து, நான்கு நல்ல சொற்கள் கூறி, அவற்றை வழங்கினேன். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

வீடு தேடிச் சென்றேன். அந்த மூதாட்டி என்னை அமரச் சொல்லிவிட்டு, “ஐயா, தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று ஊருக்கே தெரியும். எழுப்பி நிறுத்தி வேறு சொல்ல வேண்டுமா?” என்றார். நான் தலைகுனிந்தேன். சிறிது நேரம் கழித்து, “எல்லாரும் பிள்ளையைத்தான் கேட்கிறார்கள். போனவள் என் மகள். அதை ஒருவரும் கேட்கவில்லை” என்றார். உதவித்தொகைக்காக அவர் ஓர் அலுவலகத்துக்குப் பலமுறை நடந்திருந்தார். ஒவ்வொரு முறையும் வேறொரு தாளைக் கேட்டுத் திருப்பியிருந்தனர். அன்று அவருடைய மகளைப் பற்றி அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். பின்னர் விண்ணப்பத்தை நானே எழுதி, உடன் சென்று கொடுத்தேன். அடுத்த திங்களன்று மாணவி பள்ளிக்கு வந்தாள்.

இத்தகைய வீட்டுக்கு அண்டை வீட்டாரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, குழந்தையிடம் உண்மை கூற வளர்ப்பவருக்குத் துணை நிற்றல். “அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்” என்றால் குழந்தை வாயிலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தன் குறும்பினால்தான் அம்மா இறந்தாள் என்று எண்ணும் சிறு குழந்தைகளும் உண்டு. நோயே காரணம் என்பதை எளிய சொற்களில், பலமுறை சொல்ல வேண்டும். இரண்டாவது, உடன்பிறந்தாரைப் பிரிக்காமலும், இயன்றவரை பள்ளியை மாற்றாமலும் காத்தல். மூன்றாவது, சட்டத்தின் துணையை நாடுதல். 2021-இல், பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தத்தெடுக்க வாருங்கள் என்று கைப்பேசிகளில் செய்திகள் உலவின. அவ்வாறு குழந்தையைக் கைமாற்றுவது குற்றம். 1098 என்னும் எண்ணில் தெரிவித்தால் உரியவர்கள் பொறுப்பேற்பர். நான்காவது, வளர்ப்பவருக்கு ஓய்வளித்தல். வாரத்தில் ஒரு மாலை குழந்தையை நாம் பார்த்துக்கொண்டால், அவர் மருத்துவரிடம் செல்லலாம். சற்றே உறங்கவும் செய்யலாம்.

பெற்றோரை இழந்த பிள்ளை ஒன்று நம் தெருவில் இருக்குமாயின், அதன் நலத்தை உசாவுங்கள். உடனே, அதனை வளர்ப்பவரையும் பார்த்து, “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், அம்மா?” என்று கேளுங்கள். கேட்டபின், விடை முடியும்வரை இருந்து செல்லுங்கள்.