உருகிய எஃகு உறையும் விதம்

இராஜபாளையத்தில் எழும் ஒரு புது வீட்டின் கூரையைத் தாங்கி நிற்பது எஃகுக் கம்பி. அக்கம்பியின் தரம், உருகிய எஃகு உறைந்த விதத்தையும் பொறுத்தது. அதனைச் சிறிது ஆராய்வோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாலில் எடுத்த நெய்யை உருக்கி, மார்கழிக் குளிரில் கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள். ஓரம் முதலில் உறையும். நடுப்பகுதி இறுதியில் உறைந்து, சுருங்கிக் குழி விழும். எஃகின் இயல்பும் இதுவே. தனித்தனி அச்சுகளில் வார்த்த நாளில், குழி விழுந்த தலைப்பகுதியை வெட்டிக் கழிக்க நேர்ந்தது.

தொடர் வார்ப்பு முறை இவ்விழப்பைப் பெரிதும் குறைத்தது. ஏறத்தாழ 1,500 பாகை வெப்பமுள்ள எஃகுக் குழம்பை, அடியில்லாத செப்பு அச்சில் இடைவிடாது ஊற்றுகின்றனர். அச்சின் சுவரை நீர் குளிர்விக்கிறது. எஃகு ஒட்டாதிருக்க அச்சு மேலும் கீழும் அசைகிறது; இவ்வசைவை 1933-இல் வகுத்தவர் ஜெர்மானியரான யுங்ஹான்ஸ். அச்சை விட்டு இறங்கும் எஃகில் ஏறத்தாழ விரற்பருமன் ஓடு மட்டுமே உறைந்திருக்கும், உள்ளே குழம்புதான். ஓடு கிழிந்தால் குழம்பு வெளியே பாயும், இயந்திரம் பாழாகும், தொழிலாளர் உயிருக்கும் கேடு.

ஆகவே, கண்ணுக்குப் புலப்படாத ஓட்டின் கனத்தைக் கணிக்க வேண்டியதாயிற்று. வர்க்கமூலம் கற்பித்த நாளில், "இதனால் என்ன பயன், ஐயா?" என்று என்னைக் கேட்ட மாணவர் பலர். இதோ பயன்! ஓட்டின் கனம் காலத்தின் வர்க்கமூலத்திற்கேற்ப வளர்கிறது. 1 நிமிடத்தில் 25 மில்லிமீட்டர் எனில், 4 நிமிடத்தில் 50. 9 நிமிடத்தில் 75. உறைந்த ஓடே வெப்பம் வெளியேறத் தடையாகிவிடுவதே காரணம். 200 மில்லிமீட்டர்ப் பாளம் இருபுறமும் உறைந்து நடுவில் கூட 16 நிமிடம் ஆகும். நிமிடத்திற்கு ஒரு மீட்டர் வீதம் இழுத்தால், அதனுள் 16 மீட்டர் நீளத்திற்குக் குழம்பு இருக்கும்.

இக்கணக்கைச் சோதிக்கவும் வழிகள் உண்டு. குழம்பு வடிந்த வெற்றோட்டை அறுத்து அளப்பர். அச்சுச் சுவரில் பதித்த வெப்ப உணர்விகள் கிழிவின் அறிகுறியை முன்னரே காட்டும். உடனே வேகத்தைக் குறைத்தால் கிழிவு மீண்டும் உறைந்து மூடக்கூடும். உறைந்த பாளத்தை அறுத்து, அமிலத்தில் நனைத்த புகைப்படத் தாளை அம்முகத்தில் ஒட்டினால், கந்தகம் திரண்ட இடம் கறுக்கும். உறையும் எஃகு கந்தகத்தையும் பாஸ்பரசையும் எஞ்சிய குழம்பிற்குள் தள்ளுவதால், கறை பெரும்பாலும் நடுவிலேயே தோன்றும். வலிமை குன்றும் இடமும் அதுவே.

1981-இல் தகடு உருட்டத் தொடங்கிய சேலம் உருக்காலையும் பின்னாளில் தொடர் வார்ப்பு இயந்திரம் பெற்றது. எந்த ஆலையாயினும் விதி ஒன்றே: ஓடு தாங்கும் அளவிற்கு மேல் வேகம் கூட்டலாகாது.