பிரிட்டனில் நேரம் மாறும் இரவுகள்: தொழுகையிலும் நோன்பிலும் கவனிக்க வேண்டியவை

2025 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. நம்மூரில் காலை பத்தரை மணி. லண்டன் ஈஸ்ட்ஹாமில் குடியிருக்கும், நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திலிருந்து போன் வந்தது. அங்கே அப்போது காலை ஆறு மணி. பேசியவர் ஸலாம் சொன்ன தொனியிலேயே பதற்றம் தெரிந்தது.

"ஹஜ்ரத், ஸஹர் சாப்பிட்டு முடிச்சுட்டு போனை எடுத்துப் பார்த்தா மணி அஞ்சு இருபது காட்டுது. கிச்சன் கடிகாரத்துல நாலு இருபதுதான் ஆகுது. எங்க நோன்பு என்னாச்சு?"

அதே தெருவில் சிலருக்கு அன்று பெருநாள். இவர்கள் மறுநாள் திங்கட்கிழமை பெருநாள் என்று முடிவு செய்திருந்ததால் அன்றும் நோன்பு. முதல் நாள் இரவு பிரிட்டனில் கோடை நேரம் தொடங்கியிருந்தது. நள்ளிரவு கழிந்து ஒரு மணி ஆனதும் கடிகாரம் நேராக இரண்டுக்குத் தாவிவிடும். கைப்போன் தானாகவே மாறிக்கொண்டது. சமையலறைச் சுவரில் தொங்கிய கடிகாரத்தை யாரும் தொடவில்லை. அவர்கள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து மூன்று ஐம்பதுக்குச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மையில் அப்போது நாலு ஐம்பது. அவர்கள் பள்ளிவாசலின் அட்டவணைப்படி சுபுஹு வக்து அதற்கு முன்பே வந்துவிட்டது.

நாம் சொன்ன பதில் இதுதான்: தெரியாமல் நடந்ததால் பாவம் இல்லை. ஆனால் வக்து வந்த பிறகு உண்டது உறுதியாகிவிட்டதால், ஷாஃபிஈ, ஹனஃபி உட்பட பெரும்பான்மை அறிஞர்களின் தீர்ப்புப்படி அந்த ஒரு நோன்பைப் பிறகு களாச் செய்ய வேண்டும். ரமழானின் கண்ணியத்துக்காக அன்று மஃரிப் வரை எதுவும் உண்ணாமல் இருக்க வேண்டும். களாத் தேவையில்லை என்று சொன்ன அறிஞர்களும் உண்டு, இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களில் ஒருவர். நம் மக்கள் பின்பற்றும் மத்ஹபுகளின் நிலைப்பாட்டையே அவருக்குச் சொன்னோம். அந்த வீட்டு அம்மாவுக்கு வருத்தம். "முப்பது வருஷமா ஒரு நோன்பு விட்டதில்லை" என்று பின்னால் இருந்து சொன்னது நமக்குக் கேட்டது.

பேட்டரியில் ஓடும் ஒரு சுவர்க் கடிகாரம் ஒரு வீட்டின் நோன்பைக் கெடுத்துவிட்டது. எனவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னுக்குப் போகும். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணி மீண்டும் ஒரு மணியாகும். கோடையின் நீண்ட பகலை மனிதர்கள் தூங்கியே வீணாக்குகிறார்கள் என்று வில்லியம் வில்லெட் என்ற கட்டடத் தொழில் முதலாளி 1907-ல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஏப்ரலில் நான்கு ஞாயிறுகளில் இருபது இருபது நிமிடமாக நகர்த்தலாம் என்பது அவருடைய யோசனை. அது சட்டமாவதைப் பார்க்காமலே 1915-ல் இறந்துபோனார். முதல் உலகப்போரில் 1916 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனியும், மே 21 அன்று பிரிட்டனும் கடிகாரத்தை நகர்த்தின. ஆக, இது விளக்கெரியும் செலவை மிச்சப்படுத்த மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, வேறொன்றும் இல்லை.

தொழுகை வக்துக்கும் இந்த ஏற்பாட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதை சூரா அன்னிஸாவின் 103-வது வசனத்தில் பார்க்கிறோம். அந்த நேரங்கள் எவை என்பதை ஜிப்ரீல் (அலை) இரண்டு நாட்கள் கஅபாவுக்கு அருகே நபி (ஸல்) அவர்களுக்குத் தொழுவித்துக் காட்டினார்கள். அங்கே அளவுகோலாக இருந்தது நிழலும் செவ்வானமும் வைகறை வெளிச்சமும்தான். சனிக்கிழமை லண்டனில் பன்னிரண்டு ஐந்துக்கு உச்சி சாய்ந்த சூரியன், ஞாயிற்றுக்கிழமை ஒன்று ஐந்துக்குச் சாய்கிறது என்றால், சூரியன் தாமதமாகவில்லை, நம் கடிகாரத்தின் எண்தான் மாறியிருக்கிறது. "அல்லாஹ் தொழுகை டைமை மாத்திட்டானா?" என்று பிள்ளைகள் கேட்டால் தோட்டத்தில் ஒரு குச்சியை நட்டு, சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நிழல் மிகச் சிறிதாகும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். மேகம் விலக வேண்டும், லண்டனில் அதுதான் சிரமம்.

கடிகாரத்தை மாற்ற மறந்தால் இரண்டு பருவத்திலும் ஒரே மாதிரித் தவறு நடப்பதில்லை. மார்ச்சில் மறந்தால் உங்கள் கடிகாரம் பின்தங்கி நிற்கும். நேரம் இருக்கிறது என்று நினைத்து ஸஹரைத் தாண்டிவிடுவீர்கள், சுபுஹு களாவாகும். நோன்பு திறப்பது தாமதமாகும், ஆனால் நோன்பு கெடாது. அக்டோபரில் மறந்தால் கடிகாரம் முந்தி ஓடும். வக்து வருமுன் லுஹர் தொழுதுவிடுவீர்கள். வக்துக்கு முன் தொழுத தொழுகை நிறைவேறாது, திரும்பத் தொழ வேண்டும். களா நோன்பு வைத்திருப்பவர் சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துவிடுவார்.

வரும் சில ஆண்டுகளுக்கு ரமழான் மார்ச் கடைசி ஞாயிறுக்கு முன்பே முடிந்துவிடும். ஆனால் அந்த ஞாயிறு ஷவ்வால் மாதத்தில் விழும், ஆறு நோன்பு வைப்பவர்கள் கவனிக்க வேண்டும். 2036-ஐ ஒட்டி அக்டோபர் மாற்றம் ரமழானுக்குள் வரும். நோன்பு திறக்கும் நேரத்தில் தவறு நடக்கும் என்பதால் அது மார்ச் மாற்றத்தைவிட ஆபத்தானது. இன்று பத்து வயதில் இருக்கும் பிள்ளைகள்தான் அன்று வீட்டை நடத்துவார்கள்.

இன்னொரு குழப்பம், இரட்டைத் திருத்தம். போன் தானாக மாறியது தெரியாமல் அத்தாவும் ஒரு மணி நேரம் கூட்டிவைப்பார். சில தொழுகைச் செயலிகளில் கோடை நேரத்துக்கென்று தனியாக ஒரு தேர்வு இருக்கும், அதையும் யாராவது அழுத்தியிருப்பார்கள். சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு வீட்டில் ஒருவரை மட்டும் பொறுப்பாக்குங்கள். சுவர்க் கடிகாரம், அடுப்பில் உள்ள கடிகாரம், கார், அலாரம் எல்லாவற்றையும் அவரே பார்க்கட்டும். பள்ளிவாசல் அச்சிட்ட அட்டவணையில் கடைசி ஞாயிற்றின் வரியில் எண்கள் ஒரு மணி நேரம் தாவியிருக்கின்றனவா என்று பாருங்கள். தாவியிருந்தால் மாற்றம் சேர்க்கப்பட்டுவிட்டது, நீங்கள் எதையும் கூட்ட வேண்டாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஜும்ஆதான் பெரிய சோதனை. குளிர்காலத்தில் பன்னிரண்டரைக்கு உணவு இடைவேளை எடுத்து, ஒரு மணி ஜமாஅத்தைப் பிடித்துத் திரும்பியவருக்கு, மார்ச் மாற்றத்துக்குப் பிறகு அந்த ஜமாஅத் கிடைக்காது. லண்டனில் ஒரு மணிக்கு இன்னும் வக்தே வந்திருக்காது. பெரும்பாலும் ஒன்றரைக்கோ அதற்குப் பிறகோதான் தொழுகை. இதை மேலாளரிடம் வெள்ளிக்கிழமை காலையில் சொல்வதைவிட மார்ச் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. "ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வெள்ளிக்கிழமை இடைவேளையை ஒரு மணி நேரம் தள்ளித் தாருங்கள்" என்று தெளிவாகக் கேட்டால் பல இடங்களில் மறுப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் திடீரென்று எழுந்து போகிறவருக்குத்தான் சங்கடம் வருகிறது.

அக்டோபர் முடிந்தால் சிரமம் மாலைக்கு வந்துவிடும். சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு இருந்த மஃரிப், ஞாயிற்றுக்கிழமை நாலே முக்காலுக்கு. ஷாஃபிஈகளுக்கு அஸர் இரண்டே காலை ஒட்டி வந்துவிடும், ஹனஃபிகளுக்கு மூன்று மணி அளவில். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஐந்தரைக்கு அலுவலகம் விடுகிறவர் வீட்டுக்குப் போய் மஃரிப் தொழலாம் என்று நினைத்தால் ரயிலிலேயே இஷா வந்துவிடும். அஸரும் மஃரிபும் வேலை இடத்திலேயே முடிய வேண்டியவை. ஒரு மூலை, ஒரு முஸல்லா, ஐந்தைந்து நிமிடம் போதும். குளிர்காலம் முழுக்க மஃரிபைக் களாவாகத் தொழுவதைப் பழக்கமாக்கிக்கொண்ட நல்ல மனிதர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் சோம்பேறித்தனம் இல்லை, முதல் வாரத்தில் கேட்கக் கூச்சப்பட்டார்கள், அவ்வளவுதான்.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மார்ச்சில் புதன்கிழமையிலிருந்தே பிள்ளைகளைத் தினமும் பதினைந்து நிமிடம் முன்னதாகப் படுக்க வையுங்கள். சுபுஹு தொழுததும் திரையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே விடுங்கள், உடம்பு அதைப் பார்த்துத்தான் பழகுகிறது. இஷா ஒன்பது மணியைத் தாண்டுவதால், தூங்கி விழும் சிறு பிள்ளையை எழுப்பி உட்கார வைத்து அழ விடாதீர்கள். பெரியவர்களுக்கு மதியம் சிறிது நேரம் கைலூலா இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களும் மணி பார்த்து மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தாங்களாகக் கணக்குப் போடாமல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

முஸ்லிம் நாடுகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. மொராக்கோ ரமழான் மாதத்துக்கு மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறது. நோன்பின் நீளம் ஒரு நிமிடமும் குறைவதில்லை, இஃப்தார் மட்டும் ஏழு மணிக்குப் பதில் ஆறு மணி என்று எழுதப்படுகிறது. லெபனானில் 2023 மார்ச்சில் ரமழானுக்காக நேர மாற்றத்தைத் தள்ளிவைத்தது அரசு. மாரோனைட் கிறிஸ்தவ சபை அதை ஏற்கவில்லை. சில நாட்கள் ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது, பிறகு அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. இலங்கை வாசகர்களுக்கு இது புதிதல்ல. 1996 மே மாதம் மின்வெட்டுக் காலத்தில் ஒரு மணி நேரம் முன்னுக்குப் போய், அக்டோபரில் அரை மணி பின்னுக்கு வந்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினார்கள். அந்தப் பத்து ஆண்டும் "பழைய நேரமா, புது நேரமா" என்று கேட்காமல் எதையும் பேசி முடிக்க முடியாது.

ஊரில் இருக்கும் உம்மாக்களுக்கும் ஒரு சேதி. கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. வழக்கமாக இரவு ஒன்பதரைக்குப் பேசும் மகன், மார்ச்சுக்குப் பிறகு எட்டரைக்கே கூப்பிடலாம். நவம்பரில் ஒன்பதரைக்கு நீங்கள் கூப்பிட்டால் அங்கே மாலை நாலு மணி, மஃரிப் நெருங்கும் நேரம். பிள்ளை போனை எடுக்காவிட்டால் ஒரு மணி நேரம் பொறுத்து மறுபடி கூப்பிடுங்கள்.