அலரும் முறையீடும்

அம்பல், அலர் என்னும் இரண்டையும் ஒருபொருட் சொற்களாகக் கொண்டு உரைப்பாரும் உளர். இறையனார் களவியலுரை அவற்றை வேறுபடுத்தும். மொட்டு விரியாது நிற்குமாறு போலச் சொல் வெளிப்படாது குறிப்பளவாய் நிற்பது அம்பல். இன்னவனுக்கும் இன்னவளுக்கும் இடையே இது நிகழ்ந்தது எனப் பலரறிய விரிவது அலர். எனவே இரண்டிற்கும் உள்ள வேற்றுமை ஓசையின் அளவுபற்றியது மட்டும் அன்று. ஆளைச் சுட்டாமையும் சுட்டுதலும் பற்றியது. இவ்வேற்றுமையை உளங்கொண்டு, ஒருவருடைய அந்தரங்கப் படத்தை அவர்தம் இசைவின்றிச் சமூக ஊடகங்களிற் பரப்பும் இந்நாளைக் கொடுமையையும், அதனை முறையிடும் வழிகளையும், முறையீட்டில் வழங்கும் சொற்களையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழ்த்துறை இதழில் இப்பொருளுக்கு இடம் யாது என வினவுவார்க்கு விடை கட்டுரையின் போக்கிற் புலனாகும்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு விண்ணப்பமே. நெய்வேலி நகரியத்திலிருந்து வந்து பயிலும் மாணவி ஒருவர், தம் தோழியின் பொருட்டுக் காவல் நிலையத்திற் கொடுப்பதற்கு ஒரு முறையீடு வரைந்து கொணர்ந்து, “ஐயா, இதிற் பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள்” என்றார். சந்திப்பிழை இரண்டொன்று இருந்தன. அவை பெரியன அல்ல. பெரும்பிழை முதல் வரியிலேயே இருந்தது. “என்னுடைய ஆபாசப் படத்தை ஒருவர் வெளியிட்டுவிட்டார்” என்று அது தொடங்கியது.

நெய்வேலியின் அமைப்பை அறியாதார்க்கு அம்முறையீட்டின் பின்னிருந்த அச்சம் முழுதும் விளங்காது. பழுப்பு நிலக்கரி எடுத்தற்பொருட்டு 1956இல் நிறுவப்பெற்ற நிறுவனம் தன் பணியாளர்க்கென வகுத்த ஊர் அது. எண்ணிட்ட வட்டங்களும், வட்டத்திற்குள் எண்ணிட்ட வீடுகளுமாக அமைந்தது. தந்தையர் ஒரே சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ பணிபுரிவர், பிள்ளைகள் ஒரே பள்ளிகளிற் பயில்வர், “எந்த வட்டம்?” என்பதே அறிமுக வினா. பேரூரில் முகம் அறியாதார் நடுவே மறைந்து வாழலாம். இங்கே அஃது இயலாது. ஒருவர் கைப்பேசியிற் புகுந்த படம் மாலைக்குள் ஆலைப் பணிமுறை மாறும் வாயிலை எட்டிவிடும். 2019 சூன் திங்களில் நெய்வேலியை அடுத்த சிற்றூர் ஒன்றிற் கல்லூரி மாணவி ஒருவர், தம்மைப் பற்றி முகநூலில் இடப்பட்ட இழிபதிவினால் உயிர்நீத்தார் எனவும், அவரை மணக்கவிருந்த இளைஞரும் அடுத்து உயிர்நீத்தார் எனவும் நாளிதழ்கள் எழுதின. அம்மாணவி முறையிட்டாரா, முறையிட நினைத்தாரா என்பது எம் வினா அன்று. முறையிடுதற்கு வழிகள் உள என்பதை அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருந்தார் என்பதே எம் வினா.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆபாசம் என்பது படத்தின்மேல் ஏற்றும் குற்றம். படம் ஆபாசமாயின் அதில் உள்ளாரும் அதற்குப் பங்காளர் ஆவர். கேட்போர் உள்ளம் முதலில் அவர்மேலேயே செல்லும். குற்றம் படத்தில் இல்லை. பரப்பிய கையில் உள்ளது. ஆங்கிலத் தொடரை அடியொற்றிப் ‘பழிவாங்கும் ஆபாசம்’ எனச் செய்தியாளர் சிலர் எழுதுவதும் பொருந்தாது. பழிவாங்குதல் என்றால் முன்னர் ஒரு பிழை செய்யப்பட்டது என்பது தானே பெறப்படும். அப்பிழையைச் செய்தவள் அவளே என்றும் ஆகும். ‘அகப்படம்’ என ஒரு சொல்லை யாமே ஆக்கிப் பார்த்தோம். அகப்படுதல் என்னும் வினை குறுக்கிட்டு, பிடிபட்டவள் என்னும் பொருளைத் தந்தமையால் அதனைக் கைவிட்டோம். வடசொல்லேயாயினும் ‘அந்தரங்கப் படம்’ என்பதே மக்கள் நாவில் வழங்குவது, அதுவே அமையும்.

இசைதல் என்னும் வினையிலும் ஒரு நுட்பம் உண்டு. “அவள் இசைந்தே எடுத்த படந்தானே?” என்பது ஊரார் முதலிற் கேட்கும் கேள்வி. எதற்கு இசைந்தாள் என்பதைக் கூறாது நிறுத்தியமையால் எழுந்த மயக்கம் இது. எடுத்தற்கு இசைந்தாள், பரப்புதற்கு இசைந்திலள். இவை இரண்டு தொழில். இசைவும் இரண்டாகவே இருத்தல் வேண்டும். இலக்கணம் பயின்றார்க்கு எளிதிற் புலனாகும் இவ்வேற்றுமையைச் சட்டமும் ஏற்றுள்ளது. 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்திற் சேர்க்கப்பெற்று, 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவாக நிற்கும் விதி, படம் எடுத்தற்கு இசைந்த பெண் அது பிறர்க்குச் செல்லுதற்கு இசையாதவிடத்து அதனைப் பரப்புதல் குற்றமே என விளக்கம் கூறுகிறது. அவ்விதி பெண்டிர்க்கே உரியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவோ பாதிக்கப்பட்டார் ஆணாயினும் பெண்ணாயினும் பொருந்தும். தண்டனை மூன்றாண்டு வரை சிறையாகவோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை ஒறுப்பாகவோ, இரண்டுமாகவோ அமையும்.

முறையிடும் நெறியிற் பலரும் தவறுவது தொடக்கத்திலேதான். அச்சத்தால் உரையாடல் முழுவதையும் அழித்துவிடுவர். தம் கணக்கையும் மூடிவிடுவர். அழிந்தவற்றோடு சான்றும் அழியும். பதிவின் இணைய முகவரி, இட்டவர் கணக்கின் பெயர், நாள், நேரம், மிரட்டல் எழுதியிருப்பின் அதன் திரைப்பிடிப்பு ஆகியவற்றை முதலிற் சேமித்தல் வேண்டும். படத்தில் உள்ளார் பதினெட்டு வயது நிரம்பாதவராயின் படத்தைச் சேமித்தலும் பிறர்க்கு அனுப்புதலும் உதவி செய்வார்க்கே குற்றமாய் முடியலாம். முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு காவல்துறையை அணுகுக. “பாருங்கள், இதைத்தான் பரப்புகிறான்” என நண்பர்க்கு அனுப்புவாரையும் யாம் அறிவோம். நல்லெண்ணத்தாற் செய்யினும் அது பரப்புதலே.

அடுத்தது ஊடக நிறுவனத்திடம் முறையிடல். உடல் மறைவிடம் தோன்றும் படமும், முகத்தை மாற்றி ஒட்டிய பொய்ப்படமும் இதில் அடங்கும். பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ முறையிட்டால் 24 மணி நேரத்துள் நீக்குதல் வேண்டும் என 2021ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. 2026ஆம் ஆண்டுத் திருத்தம் அக்காலத்தை இன்னும் குறுக்கியது. இன்னும் பரவாத படத்தைப் பற்றிய மிரட்டலுக்கும் ஒரு வழி உண்டு. 2021 திசம்பரில் இங்கிலாந்து நாட்டு உதவியமைப்பொன்று தொடங்கிய ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ என்னும் ஏற்பாட்டில், படம் நம் கைப்பேசியை விட்டு வெளியேறுவதில்லை. படத்தைக் கணித்துப் பெற்ற எண்கோவை ஒன்று மட்டுமே செல்லும். விரல்ரேகையைக் கொண்டு ஆளை அறிவது போல, அதிற் சேர்ந்த நிறுவனங்கள் அக்கோவையைக் கொண்டு அதே படம் ஏற்றப்படுவதைத் தடுக்கும். சேராத தளங்களில் இது பயன்படாது. வாட்சாப்பில் ஒருவர் மற்றொருவர்க்கு அனுப்புவதையும் இது தடுத்துவிடும் என நம்பியிருத்தல் கூடாது.

காவல்துறைக்கு நடுவணரசின் இணையக்குற்ற முறையீட்டுத் தளத்தின் வாயிலாகவும் செல்லலாம். மகளிர்க்கும் சிறார்க்கும் எதிரான குற்றங்களை அங்கே பெயர் கூறாமலும் தெரிவிக்க இடமுண்டு. நிலையத்திற்கு நேரிற் செல்வாரை, “இது எம் எல்லை அன்று” எனத் திருப்பியனுப்புதல் முறையன்று. எல்லை கருதாது முதல் தகவல் அறிக்கை பதிந்து உரிய நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும் என்பது சட்டம். கடலூர் மாவட்டத்திற்கென இணையக்குற்றக் காவல் நிலையமும் உண்டு.

இத்தனை வழிகள் இருந்தும் பெண்டிர் தயங்குதற்குக் காரணம் பெயரே. களவியலுரை கூறிய வேற்றுமை மீண்டும் இங்கே வருகிறது. முறையிடும்வரை அம்பல், முறையிட்டபின் அலர் என அவர் அஞ்சுவர். அவ்வச்சம் வெறும் கற்பனை என யாம் கூறத் துணியோம். 2019இற் பொள்ளாச்சி வழக்கில், படம் காட்டி மிரட்டிய கொடியோரை எதிர்த்து முறையிட்ட பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே செய்தியாளர்க்கு வெளியிட்டார். வழக்கை நடுவண் புலனாய்வுத் துறைக்கு மாற்றிய அரசாணையிலும் அப்பெயர் இடம்பெற்றது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதன்பொருட்டு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. ஒன்பதின்மர்க்குச் சாகும்வரை ஆயுள்தண்டனை கிடைத்தது 2025 மே 13ஆம் நாள், ஆறாண்டு கழிந்திருந்தது. அதே ஆண்டு சூலையில் வழக்கறிஞரான ஒரு பெண்ணின் படங்கள் பரவிய வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. படங்களை 48 மணி நேரத்துள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு நடுவணரசுக்கு அவர் ஆணையிட்டார். முதல் தகவல் அறிக்கையில் அப்பெண்ணின் பெயர் இருந்ததைக் கண்டித்து நீக்கச் செய்தார். அவ்வழக்கின் விளைவாகவே இத்தகைய படங்களை நீக்கும் செயல்முறை நெறிகளை நடுவணரசு அவ்வாண்டில் வகுத்தது.

அகத்திணையில் தலைமக்கள் பெயர் சுட்டப்பெறார் என்பது தொல்காப்பிய மரபு. அது செய்யுள் நெறி, சட்டம் அன்று. ஆயினும் ஒருவர்தம் அகவாழ்வு பேசப்படலாம், ஆள் சுட்டப்படலாகாது என்னும் உணர்வு இம்மொழிக்குப் புதிதன்று. சட்டமோ இங்கே குறையுடையது. பெயரை வெளியிடுதலைக் குற்றமாக்கும் 72ஆம் பிரிவு 64 முதல் 71 வரையுள்ள பிரிவுகளைக் குறித்ததேயன்றி 77ஆம் பிரிவைக் குறித்ததன்று. முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்றுக என 2016இற் பணித்த உச்ச நீதிமன்றம், பாலியற் குற்றம் போன்ற நுண்ணியவற்றை விலக்கியமையை முறையிடுவார் அறிந்திருத்தல் நன்று.

களவிலக்கியத்தில் அலர் எழுந்தபின் வரைவு உண்டு, ஊர்வாய் மூடும். அலரைத் தம் காதலுக்கு உதவியாகக் கொள்வாரையும் குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரத்திற் காண்கிறோம். படம் எழுப்பும் அலர்க்கு அத்தகைய முடிவு இல்லை.

அம்மாணவி கொணர்ந்த தாளின் முதல் வரியை இவ்வாறு மாற்றினோம்: “என் அந்தரங்கப் படங்களை என் இசைவின்றி இன்ன கணக்கிலிருந்து இன்ன நாளிற் பரப்பியவர்மீது நடவடிக்கை வேண்டுகிறேன்.” இறுதியில், பெயரும் முகவரியும் அறிக்கைப் படிகளில் மறைக்கப்பட வேண்டும் என ஒரு வரி சேர்த்தோம். அவர் முழுவதையும் தம் கையால் மீண்டும் எழுதினார். முகவரி எழுதும் இடம் வந்ததும் எழுதுகோலை நிறுத்தி, “வட்டத்தின் எண்ணையும் எழுத வேண்டுமா, ஐயா?” என்று கேட்டார். “தனித்தாளில் எழுதி, உறையிலிட்டு அதிகாரி கையில் கொடுக்கச் சொல், அம்மா” என்றோம்.