ஓடையின் அடியில் வாழும் சாட்சிகள்

ஓர் ஓடையின் நீரைப் புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், பிடித்த அந்த வேளையில் நீரில் என்னென்ன கரைந்திருந்தன என்பது தெரியவரும். முந்தைய இரவு திறந்துவிடப்பட்ட கழிவு விடிவதற்குள் அடித்துச் செல்லப்பட்டிருந்தால், அதன் சுவடு அந்தப் புட்டியில் இராது. ஆனால் கூழாங்கற்களுக்கு அடியிலும் மணலிலும் அழுகும் இலைகளுக்கு இடையிலும் மாதக்கணக்கில் தங்கி வாழும் இளம்பருவப் பூச்சிகள், நத்தைகள், புழுக்கள், இறாலை ஒத்த ஓட்டுடலிகள் ஆகியவை அந்தக் கழிவிலேயே இருந்தாக வேண்டியவை. வெறுங்கண்ணால் காணக்கூடிய இந்த முதுகெலும்பற்ற சிற்றுயிர்களில் எவை உள்ளன, இருக்க வேண்டியவற்றுள் எவை இல்லை என்று ஆராய்ந்து ஓடையின் நலத்தை மதிப்பிடுவது உயிரியல் கண்காணிப்பு எனப்படும்.

இதற்கான அடிப்படையை ஜெர்மன் அறிவியலாளர்களான கோல்க்விட்ஸ், மார்சன் ஆகிய இருவரும் 1908, 1909 ஆம் ஆண்டுகளில் வகுத்தனர். சாக்கடை நீர் கலக்கும்போது அதிலுள்ள அழுகுபொருள்களைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்வதால், குளிர்ந்த, ஆக்ஸிஜன் மிகுந்த நீரை நாடும் கல் ஈயின் இளம்பருவம் முதலில் மறைகிறது. மே ஈ, காடிஸ் ஈ ஆகியவற்றின் பல குடும்பங்கள் அதைத் தொடர்கின்றன. எஞ்சுபவற்றுள் ஒன்று, கைரோனமஸ் என்னும் கொசுவை ஒத்த பூச்சியின் சிவந்த புழு; மனித இரத்தத்தில் உள்ளதைப் போலவே அதன் உடலிலும் ஹீமோகுளோபின் இருப்பதால், அருகிவிட்ட ஆக்ஸிஜனையும் அதனால் பிடித்துக்கொள்ள முடிகிறது. எனினும் சிவந்த புழுவைக் கண்டதும் ஓடை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு, ஏனெனில் தூய ஓடைகளிலும் அது சிறு எண்ணிக்கையில் வாழ்வதுண்டு. அதனுடன் வேறு எவை வாழ்கின்றன என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு எண்ணால் விடை காண, 1976இல் பிரிட்டனில் அமைக்கப்பட்ட பணிக்குழு ஒன்று சிற்றுயிர்க் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் வகுத்தது. ஆய்வாளர் வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு முன்னுள்ள ஓடையடியை மூன்று நிமிடம் காலால் கிளறுவார். பெயர்ந்து வந்து வலையில் சேர்ந்தவை வெள்ளைத் தட்டில் கொட்டி இனங்காணப்படும். தட்டையுடல் மே ஈக் குடும்பத்துக்கு 10, காமரஸ் என்னும் ஓட்டுடலியின் குடும்பத்துக்கு 6, கைரோனமஸ் குடும்பத்துக்கு 2, மண்புழுவின் உறவான நீர்ப்புழுக்களுக்கு 1 என்று கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும். இந்த நான்கும் அகப்பட்டால் அது 4.75, கடைசி இரண்டு மட்டுமே அகப்பட்டால் 1.5. ஒவ்வோர் இனத்தையும் பிரித்தறிய வேண்டாம், குடும்பத்தை அறிந்தாலே போதும் என்று விட்டது நல்ல முடிவாகும். அதனால்தான் நிபுணரல்லாதவருக்கும் இக்கலை எட்டியது.

அதன் பயனை இங்கிலாந்தின் கென்னட் ஆறு காட்டியது. அங்கு மாதந்தோறும் எட்டுச் சிற்றுயிர்ப் பிரிவுகளை எண்ணிவந்த தன்னார்வலர்கள், 2013 ஜூலையில் மார்ல்பரோ நகருக்குக் கீழே அவை பெருமளவில் மடிந்து கிடப்பதைக் கண்டனர். அரசின் சுற்றுச்சூழல் முகமை ஆராய்ந்தபோது, குளோர்பைரிஃபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியே ஆற்றில் கலந்திருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூச்சிகளும் காமரஸும் அழிந்தன. அந்த நஞ்சு பூச்சிகள், ஓட்டுடலிகள் ஆகியவற்றின் நரம்பு மண்டலத்தை மிக நுண்ணிய அளவிலேயே தாக்குவது; மீன்கள் சாகும்வரை காத்திருந்தால் இந்த நிகழ்வே தெரியாமல் போயிருக்கும். பூச்சிகள் மீண்டும் பறந்துவந்து முட்டையிட முடியும். சிறகில்லாத காமரஸோ மேல்நீரிலிருந்து ஆற்றின் வழியாகவே வந்தடைய வேண்டும்.

ஆயினும் பிரிட்டனின் மதிப்பெண் பட்டியலை வேறொரு நாட்டு ஓடையில் அப்படியே வைத்து அளப்பது சரியாகாது. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதைத் தழுவித் தனக்கென ஒரு முறையை அமைத்துக்கொண்டது. கல் ஈக்கள் இயல்பாகவே குறைவாக உள்ள வெப்பநாட்டுத் தாழ்நில ஓடையில் அவை இல்லாததை மாசின் அறிகுறியாகக் கொள்ளக் கூடாது. மாசுபடாத ஓடையில் எவை வாழும் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மே ஈக்களைப் பற்றி மதுரை அறிஞர் கே. ஜி. சிவராமகிருஷ்ணன் செய்த பணியின் அருமை இதில்தான் உள்ளது. அவர் 1984இல் விவரித்த பீட்டர்சுலா கோர்ட்டலென்சிஸ் என்னும் மே ஈ குற்றாலத்தின் பெயரைத் தாங்குகிறது. மலையோடைகளுக்கு அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறைகள் ஆளுக்கோர் ஓடையைத் தேர்ந்து, பருவமழைக்கு முன்னும் பின்னும் அதன் உயிர்ப்பட்டியலை ஆண்டுதோறும் எழுதிவைக்க வேண்டும். வலையும் வெள்ளைத் தட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தால் இந்த ஆண்டே தொடங்கலாம்.