செட்டில் ஓடிய கால்வாய்

1938ஆம் ஆண்டு பாரிஸின் சேன் மர்த்தேன் கால்வாய்க்கரையைப் படமெடுக்க நினைத்த இயக்குநர் மார்செல் கார்னே, கால்வாய்க்குப் போகவில்லை. நகரின் மேற்கு விளிம்பிலிருந்த பியான்கூர் ஸ்டுடியோவில் கால்வாயையே உண்டாக்கச் சொன்னார். ஹங்கேரியிலிருந்து வந்து பாரிஸில் தங்கிவிட்ட கலை இயக்குநர் அலெக்ஸாந்தர் ட்ரோனேர் பள்ளம் தோண்டித் தண்ணீர் நிரப்பினார். அதன் குறுக்கே வளைந்த நடைபாலம் ஒன்றை நிறுத்தினார். கரையில் மலிவு விடுதி ஒன்றின் முகப்பை எழுப்பினார். படத்தின் பெயர் ‘ஒத்தேல் த்யு நோர்’. நடிகை அர்லெத்தி அந்தப் பாலத்தருகே நடிகர் லூயி ழுவேயிடம் சீறும் காட்சி பிரெஞ்சு சினிமாவில் மிக அதிகமாக நினைவுகூரப்படுவனவற்றுள் ஒன்று. கால்வாயைப் பார்க்க வருகிறவர்கள் இன்றும் அந்த இடத்தைத் தேடுகிறார்கள். அந்த இடமோ செட்டில்தான் இருந்தது.

உண்மையான விடுதி ழெமாப் கரையில் 102ஆம் எண்ணில் இருந்தது. அதை நடத்தியவர்களின் மகன் எழேன் தபி. அங்கே வந்து தங்கிய கூலிக்காரர்கள், வண்டிக்காரர்கள், வேலைக்காரப் பெண்கள் ஆகியோரைக் கண்ணால் கண்டு 1929இல் நாவலாக எழுதினார். நாவலின் முடிவில் விடுதியை ஒரு தோல் நிறுவனம் வாங்கி இடித்துவிடுகிறது. தபி 1936இல் சோவியத் பயணத்தின்போது இறந்துபோனார். படத்தை அவர் பார்க்கவில்லை. அவர் எழுத்தில் இடித்த கட்டடத்தை ட்ரோனேர் மரத்திலும் சாந்திலும் மீண்டும் கட்டினார்.

அன்று அந்தக் கரை வேலைத்தலம். 1802இல் நெப்போலியன் ஆணையிட்டு, 1825இல் திறக்கப்பட்ட கால்வாய் அது. நீளம் சுமார் நாலரை கிலோமீட்டர். ஏறத்தாழ 25 மீட்டர் உயர வித்தியாசத்தைச் சமாளிக்க 9 மதகுகள். ஒவ்வொன்றிலும் படகை அடைத்து, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்ப வேண்டும். மணல், கட்டடக்கல், நிலக்கரி, தானியம் எல்லாம் இந்த வழியாகத்தான் நகருக்குள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நகர நிர்வாகி ஓஸ்மான் பாரிஸைத் திருத்தியமைத்தபோது, பஸ்தீல் பக்கமுள்ள பகுதியை மூடி மேலே அகலமான சாலை போட்டார். எஞ்சியது இன்று நாம் படங்களில் காண்கிற இரண்டு கிலோமீட்டர் சொச்சம்.

எழுத்தாளர் சிமெனோன் 1955இல் எழுதிய, மெக்ரே என்ற துப்பறிவாளர் வரும் ஒரு நாவல் இங்கேதான் தொடங்குகிறது. கட்டடக்கல் ஏற்றிவந்த ஒரு சரக்குப்படகின் உந்துவிசிறியில் மனிதக் கை ஒன்று சிக்குகிறது. மெக்ரே குடியிருந்ததோ ஓஸ்மான் மூடிய பகுதிக்கு மேலுள்ள ரிஷார் லெனுவார் சாலையில். பின்னாளில் ழான் ரிஷாரும் ப்ருனோ க்ரெமேரும் மெக்ரேயாக நடித்த தொலைக்காட்சித் தொடர்கள் இந்த வட்டாரத்தின் பெயர்களை வீடுதோறும் கொண்டுபோயின. அவை ஒளிபரப்பான காலத்தில் கல் ஏற்றிய படகுகள் அருகிக்கொண்டிருந்தன. லாரி வந்துவிட்டது. 1960களில் கால்வாயை முழுவதும் மூடி விரைவுச்சாலை போடும் திட்டம்கூட இருந்தது. அது கைவிடப்பட்டது இந்த வட்டாரத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை என்பேன்.

பிறகு விடுதியின் முறை வந்தது. பழுதடைந்து இடிபட இருந்த கட்டடத்தின் முகப்பு 1989இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. கட்டடக்கலையில் அதற்குத் தனிச் சிறப்பு எதுவும் கிடையாது. படத்தின் புகழே அதைக் காத்தது. ஆனால் அந்த முகப்பே படத்தில் வரவில்லை, வந்தது அதன் நகல்! நகல் மூலத்தைக் காப்பாற்றிய இப்படியொரு கதையை வேறெங்கும் நான் அறியேன். 1993இல் கால்வாயும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது.

2001இல் வெளிவந்த ‘அமேலி’யில் நடிகை ஒத்ரே தோத்து கால்வாய்நீரில் கல்லைத் தத்தவிட்டு விளையாடுகிறாள். இம்முறை கால்வாய் அசல். ஆனால் இயக்குநர் ழான் பியேர் ழூனே படம்பிடித்த தெருக்களில் சுவர்க் கிறுக்கல்களைத் துடைத்தார். கணினியில் வண்ணங்களைப் பச்சையும் பொன்னுமாக மாற்றினார். கார்னேயின் குழு செட்டை நிஜம்போலக் காட்டப் பாடுபட்டது. ழூனேயின் குழு நிஜத்தைக் கனவுபோலக் காட்டப் பாடுபட்டது. இரண்டும் நல்ல படங்கள். என் மனம் சாய்வது முதலாவதின் பக்கம்; அதில் மனிதர்களின் வறுமை துடைக்கப்படவில்லை.

இன்று மதகுகள் பெரும்பாலும் உல்லாசப் படகுகளுக்காகத் திறக்கின்றன. கட்டடப் பொருள் கிடங்காக இருந்த ஒரு கட்டடம் 2004இலிருந்து இசையும் நாட்டியமும் நடக்கும் கலைக்கூடம். ஞாயிற்றுக்கிழமைகளில் கரைச்சாலையில் கார்கள் இல்லை. இளைஞர்கள் கரையோரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரை இறைத்துச் சேறு வாருகிறார்கள். 2016இல் அப்படி இறைத்தபோது அடியில் கிடந்தவை சைக்கிள்களும் கடைத் தள்ளுவண்டிகளும் பாட்டில்களும்.

இவை லாபமே. குழந்தைகளோடு நடக்கக்கூடிய கரை, புகையும் நிலக்கரித் தூளும் பறந்த கரையைவிட மேல்தான். ஆனால் வாரக் கூலியைக் கொடுத்துவிட்டு ஓர் அறையில் படுத்து எழ முடிந்த தொழிலாளிக்கு இங்கே இன்று இடமில்லை. விடுதியின் பழைய முகப்புக்குப் பின்னால் இருப்பது புதிய கட்டடம், கீழ்த்தளத்தில் உணவகம். தபியின் பாத்திரங்களைப் போன்றவர்கள் இப்போது நகரின் எல்லைக்கு வெளியே குடியிருந்து, விடியலில் ரயிலேறி வேலைக்கு வருகிறார்கள்.

அமேலியைப் பார்த்துவிட்டு இந்தக் கால்வாய்க்குப் போகிறவர்கள் பலர். போகும் முன் கார்னேயின் படத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முடிந்தால் தபியின் நாவலையும் படித்துவிடுங்கள்.